மெலடோனின் மாத்திரையும் புற்றுநோயும்: மருந்தகச் சன்னலில் கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். மருந்துகளை வாங்கிப் பையில் போட்ட பிறகும் சிலர் சன்னலை விட்டு நகர மாட்டார்கள். பின்னால் வரிசை நிற்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தணித்து, டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்வியை என்னிடம் கேட்பார்கள். அப்படி ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து வெள்ளைக் குப்பி ஒன்றை எடுத்து வைத்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியது. மெலடோனின், ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம். இரவில் இரண்டு போடச் சொல்லியிருக்கிறான். அவருக்கு மார்பகப் புற்றுநோய். எட்டு கீமோவில் ஐந்து முடிந்திருந்தது. "இதைப் போட்டால் மீதி மூன்று வேண்டாமாமே, தம்பி?" என்றார்.

அன்று வரிசையில் நின்றவர்களை வைத்துக்கொண்டு அவருக்குச் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். அவரைப் போன்றவர்கள் கேட்டவற்றை எல்லாம் சேர்த்து, நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

மெலடோனின் என்பது என்ன? தூக்க மாத்திரையா?

முதலில் அது நம் உடலே சுரக்கும் ஹார்மோன். மூளையின் நடுவில், நெல்மணியைவிடச் சற்றே பெரிதாக, பினியல் சுரப்பி இருக்கிறது. இருட்டிய பின் அது மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும்; நள்ளிரவுக்குப் பிறகு, இரண்டு மூன்று மணி வாக்கில் உச்சத்தைத் தொடும்; விடியலில் அடங்கிவிடும். பகலில் ரத்தத்தில் தேடினால் ஏறக்குறைய இருக்காது. 'இப்போது இரவு' என்று உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அறிவிக்கும் தண்டோரா என்று சொல்லலாம். தூக்க மாத்திரைபோல ஆளை அடித்துப் போடாது. உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்யும்.

இதைப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர், 1958ஆம் ஆண்டு. பினியல் சாற்றைக் கொடுத்தால் தவளைக் குஞ்சுகளின் தோல் வெளுக்கிறது என்பது 1917லேயே தெரிந்திருந்தது. தோல் நிற நோய்களுக்கு அதில் மருந்து கிடைக்குமா என்று தேடித்தான் அவர் புறப்பட்டார். ஆயிரமாயிரம் மாடுகளின் பினியல் சுரப்பிகளைச் சேகரித்து, கடைசியில் கையில் கிடைத்தது மிகச் சொற்ப அளவுதான். தோல் மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் இரவையும் உடலையும் இணைக்கும் கண்ணி கிடைத்தது.

அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

வெளிச்சம்தான் சம்பந்தம். இரவில் கண்ணில் பிரகாசமான ஒளி பட்டால் மெலடோனின் சுரப்பு குறைந்துவிடும். மனிதர்களிடம் இது 1980இல் நிரூபிக்கப்பட்டது. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், பொழுதை அறிவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல நிற ஒளிக்கு அவை அதிகம் துடிக்கும்.

1987இல் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கேள்வியை முன்வைத்தார். தொழில்மயமான நாடுகளில் மார்பகப் புற்றுநோய் ஏன் இவ்வளவு அதிகம்? மின்விளக்கு இரவைக் குறைத்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்குமோ? இது உண்மையானால் ஒளியையே உணராத பார்வையற்ற பெண்களுக்கு இந்த நோய் குறைவாக வர வேண்டும் அல்லவா? அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். குறைவாகத்தான் இருந்தது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பார்வையற்றவர்களின் வாழ்க்கை வேறு பல வகைகளிலும் வேறுபட்டது. ஆனாலும், மேலே தேடிப் பார்க்கத் தூண்டும் சான்று அது.

ஆய்வகத்தில் உண்மையாகவே புற்றுக்கட்டியைத் தடுத்திருக்கிறதா?

தடுத்திருக்கிறது. இதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை. ஒரு பரிசோதனையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் இதைவிட அழகாக வடிவமைக்கப்பட்ட சோதனையை நான் படித்ததில்லை.

டேவிட் பிளாஸ்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்டது. மாதவிடாய் நிற்காத, ஆரோக்கியமான பெண்களிடம் மூன்று வேளைகளில் ரத்தம் எடுத்தார்கள்: பகலில் ஒரு முறை, நள்ளிரவுக்குப் பின் இருட்டில் ஒரு முறை, அதே போன்ற இரவில், பிரகாசமான விளக்கின் முன் 90 நிமிடம் உட்கார வைத்து ஒரு முறை. எலிகளின் உடலில் மனித மார்பகப் புற்றுக்கட்டியை வளர்த்திருந்தார்கள். அந்தக் கட்டிகளுக்குள் இந்த மூன்று வகை ரத்தத்தையும் தனித்தனியே செலுத்தினார்கள். பகல் ரத்தம் பாய்ந்த கட்டி வேகமாக வளர்ந்தது. இருட்டில் எடுத்த ரத்தம் பாய்ந்த கட்டியின் வளர்ச்சி அடங்கியது. விளக்கொளிக்குப் பின் எடுத்த ரத்தமோ, இரவில் எடுத்ததாக இருந்தும், பகல் ரத்தத்தைப் போலவே கட்டியை வளர்த்தது. வித்தியாசம் மெலடோனினால்தானா என்று உறுதி செய்ய, இருட்டு ரத்தத்தில், மெலடோனினின் ஏற்பிகளை, அதாவது செல்களில் மெலடோனின் போய்ப் பற்றிக்கொள்ளும் இடங்களை, அடைக்கும் பொருளைக் கலந்து பார்த்தார்கள். தடுப்பு ஆற்றல் போய்விட்டது.

மாத்திரை எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் சொந்த ரத்தம். அவள் இருட்டில் இருந்தாளா, விளக்கின் முன் இருந்தாளா என்பதுதான் வேறுபாடு. இதை முதன்முதலில் படித்த இரவு எங்கள் வார்டுகளில் விடிய விடிய எரியும் டியூப்லைட்டுகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எப்படித் தடுக்கிறது என்பதற்குப் பல வழிகளைச் சொல்கிறார்கள். லினோலிக் அமிலம் என்ற கொழுப்பைக் கட்டி தன் வளர்ச்சிக்கு உறிஞ்சுவதை மெலடோனின் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலைத் தணிக்கிறது. கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் முளைப்பதை மட்டுப்படுத்துகிறது. 2014இல் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில், இரவு முழுவதும் மங்கலான வெளிச்சத்தில் வைத்த எலிகளின் மார்பகக் கட்டிகள், ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்ஸிஃபெனுக்கு மசியவில்லை; இரவில் மெலடோனின் கொடுத்தபோது மருந்து மறுபடி வேலை செய்தது.

அப்படியானால் மாத்திரை போட்டால் புற்றுநோய் குணமாகும் அல்லவா?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆய்வகத் தட்டிலும் எலியிலும் கட்டியை அடக்கிய பொருட்களில் பெரும்பாலானவை மனிதர்களிடம் வந்து தோற்றிருக்கின்றன. பல தட்டுச் சோதனைகளில் பயன்படுத்திய மெலடோனின் அளவு, மனித ரத்தத்தில் இரவில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். ஆகவே மனிதர்களிடம் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1990களில் இத்தாலியின் மோன்ஸா நகரில் பவுலோ லிசோனி என்ற மருத்துவர், முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கீமோவுடன் இரவில் 20 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்துப் பார்த்தார். இன்று இணையத்தில் எல்லோரும் சொல்லும் '20 மில்லிகிராம்' அங்கிருந்து வந்ததுதான். முடிவுகள் வியக்க வைத்தன. 2005இல் பத்து ஆய்வுகளை, 643 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் இறக்கும் ஆபத்து மெலடோனின் எடுத்தவர்களிடம் 34 சதவீதம் குறைவு என்று வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்த இடத்தோடு நின்றுவிடும்.

அதற்கு மேல் படித்தால்தான் விஷயம் புரியும். அந்தப் பத்து ஆய்வுகளும் ஒரே மருத்துவமனை வட்டத்தில் நடந்தவை. எதிலும் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை; யாருக்கு மெலடோனின் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். தெரிந்தால் நம்பிக்கை மாறும், கவனிப்பு மாறும், கணக்கெடுப்புகூட மாறும். தொகுத்தவர்களே இதைக் குறிப்பிட்டு, வேறு இடங்களில் முறையாகச் செய்து பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள்.

வேறு இடத்தில் செய்து பார்த்தார்களா?

பார்த்தார்கள். கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 709 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓராண்டு முழுக்க இரவில் 20 மில்லிகிராம் மெலடோனின். மற்றக் குழுவுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. 2021இல் முடிவு வந்தது: நோய் திரும்பாமல் இரண்டு ஆண்டு இருந்தவர்களின் விகிதம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. முற்றிய நிலையில் இருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது மட்டும் ஓரளவு பலன் இருக்கலாம் என்ற குறிப்பு தெரிந்தது. அதை உறுதி செய்ய இன்னோர் ஆய்வு தேவை என்று எழுதினார்கள்.

அதற்கு முன்பே அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் கைகொடுக்கவில்லை. மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள், ஆயுள் கூடவில்லை. புற்றுநோயால் உடல் இளைத்து, பசி அற்றுப் போனவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; பசியும் திரும்பவில்லை, எடையும் ஏறவில்லை. 2013இல் வெளியான அந்த ஆய்வைப் பலனில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனவே அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கீமோவின் இடத்தில் இதை வைக்க முடியாது. மீதி மூன்றையும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இன்று கையில் இருக்கும் சிகிச்சை பெரும்பாடு பட்டு, பல்லாயிரம் பெண்களிடம் சோதித்து அறிந்தது. அதைப் பாதியில் விட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து திரும்பி வருவார்கள். அப்போது அவர்கள் நீட்டும் மருந்துச் சீட்டே வேறாக இருக்கும்.

வராமல் தடுக்கவாவது தினமும் போடலாமா?

மெலடோனின் மாத்திரை போட்டதால் புற்றுநோய் வராமல் இருந்தது என்று காட்டிய முறையான மனித ஆய்வு எதுவும் இல்லை. தடுப்புக்காக ஆரோக்கியமான ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரு ஹார்மோனை விழுங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நான் செவிலியர். பதினைந்து ஆண்டுகளாக நைட் டியூட்டி பார்க்கிறேன். எனக்குப் புற்றுநோய் வருமா?

இந்தக் கேள்வியை என்னோடு வேலை செய்யும் பெண்களே கேட்டிருக்கிறார்கள். அக்கறையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை 2007இல் '2ஏ' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருத இடமுள்ளவற்றில், சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. இந்தப் பிரிவு சான்றின் பலத்தைத்தான் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் அதே 2ஏ பிரிவில்தான் இருக்கின்றன.

அளவு என்ன? அமெரிக்கச் செவிலியர்கள் 78,562 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2001இல் வந்தது. முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் மாறி மாறி இரவுப் பணி பார்த்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 36 சதவீதம் அதிகம். நூறு பேரில் 36 பேருக்கு வரும் என்று இதைப் படித்துப் பயந்து போனவர் ஒருவர் எங்கள் ஊழியர்களிலேயே உண்டு. பொருள் அதுவன்று. ஒரு காலகட்டத்தில் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், இவர்களிடம் பதின்மூன்று பதினான்கு பேருக்கு வரும், அவ்வளவே. 2016இல் பிரிட்டனின் மூன்று பெரிய ஆய்வுகளையும் முந்தைய ஆய்வுகளையும் சேர்த்துப் பதினான்கு லட்சம் பெண்களின் தரவைப் பார்த்தபோது எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆனால் அமெரிக்கச் செவிலியர்களின் பிந்தைய கணக்கில், இளம் வயதிலேயே தொடங்கி நீண்ட காலம் இரவுப் பணி பார்த்தவர்களிடம் ஆபத்து கூடுவது தெரிந்தது. விவாதம் முடியவில்லை. டென்மார்க் அரசு இதற்காகக் காத்திருக்கவில்லை; இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த ஏறக்குறைய நாற்பது பெண்களுக்குத் தொழில்சார் நோய் என்று இழப்பீடு வழங்கியது.

ஆகவே பயந்து நடுங்க வேண்டாம். பொருட்படுத்தாமலும் இருக்க வேண்டாம். வாரக்கணக்கில் இரவும் பகலும் மாறி மாறி வரும்படி டியூட்டி போடுவதைக் குறைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பகலில் தூங்கும்போது சன்னலில் கனத்த போர்வையையாவது தொங்கவிட்டு அறையை இருட்டாக்குங்கள். உரிய வயதில் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். நம்மில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பலர் இதைத்தான் தள்ளிப் போடுகிறோம்.

சிகிச்சையில் இருப்பவருக்கு மெலடோனினால் எந்தப் பயனும் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட மாட்டேன். புற்றுநோய் வந்தவர்களுக்குத் தூக்கம் போவது சாதாரணமாகச் சொல்லிவிடும் துன்பம் அல்ல. ஸ்டீராய்டு போட்ட இரவுகளில் விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 95 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நான்கு மாதம் இரவில் வெறும் 3 மில்லிகிராம் எடுத்தவர்களின் தூக்கம், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மேம்பட்டது. இங்கே மெலடோனினுக்கு நியாயமான ஓர் இடம் இருக்கிறது. வாய், தொண்டைப் பகுதிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது வரும் வாய்ப்புண்ணைத் தணிக்குமா என்றும் சில சிறிய ஆய்வுகள் பார்த்து, நம்பிக்கை தரும் விதமாகச் சொல்லியிருக்கின்றன. இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இயற்கையானது தானே, பக்க விளைவு ஏது?

குறுகிய காலத்துக்குக் குறைந்த அளவில் எடுத்தால் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மறுநாள் காலை மந்தம் ஆகியவை வரலாம். எனக்கு உண்மையில் கவலை தருவது மற்ற மருந்துகளோடு சேரும்போது நடப்பதுதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவு கூடலாம். ஃப்ளூவோக்ஸமின் என்ற மனநல மருந்து, மெலடோனினைக் கல்லீரல் உடைப்பதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மெலடோனினும் எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியதாக ஓர் ஆய்வு காட்டியது. வலிப்பு மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் தானாகத் தொடவே கூடாது. மெலடோனின் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டக்கூடியது என்பதால், ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரின் வார்த்தை இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது.

குப்பியில் எழுதியிருக்கும் அளவுதான் உள்ளே இருக்குமா?

அமெரிக்காவில் மெலடோனின் மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. மருந்துக்கு உள்ள கண்டிப்பான சோதனை அதற்கு இல்லை. 2017இல் கனடாவில் கடைகளில் வாங்கிய 31 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஒன்றில் எழுதியிருந்ததைவிட 83 சதவீதம் குறைவு. இன்னொன்றில் 478 சதவீதம் அதிகம். எட்டில் செரடோனின் என்ற வேறு பொருளும் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் மிட்டாய் வடிவில் வரும் 25 தயாரிப்புகளைப் பார்த்தபோது, 22இல் அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. பிள்ளைகள் பாசத்தோடு வாங்கி அனுப்புகிறார்கள். அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது அனுப்பிய பிள்ளைக்கும் தெரியாது.

பால், வாழைப்பழம், வால்நட் சாப்பிட்டு மெலடோனினைக் கூட்டலாமா?

உணவில் இருப்பது மிக மிகக் குறைவு. பிடித்தால் சாப்பிடுங்கள். இரவில் ஒரு டம்ளர் இளஞ்சூட்டுப் பால் குடித்துத் தூக்கம் வந்தால் நல்லதுதான். அதைப் புற்றுநோய் மருந்து என்று எண்ண வேண்டாம்.

பினியல் சுரப்பியை மூன்றாம் கண் என்கிறார்களே?

சில ஊர்வனவற்றிலும் தவளைகளிலும் அந்தப் பகுதி உண்மையிலேயே ஒளியை உணரும். மனிதரில் அது நேரடியாக எதையும் பார்ப்பதில்லை. கண் வழியாகத்தான் செய்தி போகிறது. நெற்றியில் எண்ணெய் வைத்து அதைத் தூண்டிக் கட்டியைக் கரைக்கலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாத்திரை இல்லாமல் என் உடலின் மெலடோனினைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

காலையில் எழுந்ததும் அரைமணி நேரமாவது வெளியே, வெளிச்சத்தில் இருங்கள். முடியாதவர்கள் சன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். பகல் வெளிச்சம் நன்றாகக் கிடைத்தால்தான் இரவுச் சுரப்பு நேரத்துக்குத் தொடங்கும். இரவு ஒன்பதுக்கு மேல் வெள்ளை டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் சின்ன விளக்கைப் போடுங்கள். செல்போனைப் படுக்கைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். நடுவில் பாத்ரூம் போக வெளிச்சம் வேண்டுமென்றால் தரையோரம் எரியும் சிவப்பு அல்லது மஞ்சள் இரவு விளக்கு போதும். இதனால் புற்றுநோய் வராது என்று நான் உறுதி தரவில்லை. தூக்கம் சீராகும் என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

வார்டில் படுத்திருப்பவர்கள், தலைக்கு மேலிருக்கும் விளக்கை மட்டுமாவது இரவு பத்து மணிக்கு அணைக்கும்படி டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள். கேட்டால் அணைப்பார்கள். கேட்பவர்கள்தான் இல்லை.

ஏற்கெனவே போட ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.

திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். குப்பியையே கையோடு கொண்டு போய் மேசை மேல் வையுங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு தடுமாறாது. கீமோ அல்லது கரண்ட் நடக்கும் நாட்களில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தூக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே குறைந்த அளவில் எழுதித் தரவும் கூடும். மஞ்சள் பை கொண்டு வந்த அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது: 20 மில்லிகிராமுக்குப் பதில் 3 மில்லிகிராம், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ஆறாவது கீமோவுக்கு வந்த அன்று, அந்தச் சீட்டை என் சன்னலில்தான் நீட்டினார்.